நண்பகல் மின்சாரத்துக்கு இரவில் என்ன விலை?

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது இலங்கை மின்சார சபை விசித்திரமானதொரு வேண்டுகோளை விடுத்தது. கூரைகளில் சூரிய மின் தொகுதிகளைப் பொருத்தியிருப்போர் ஏப்ரல் 13 முதல் 21 வரை, தினமும் பிற்பகல் 3 மணி வரை அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே அது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டையும் கண்ட மக்களிடம், மூன்றே ஆண்டுகளில், மின்சாரம் மிகுந்துவிட்டது, உற்பத்தி செய்யாதீர்கள் என்று கூற நேர்ந்தது.

விடுமுறையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடப்படுகின்றன. வெயிலுக்கோ விடுமுறை கிடையாது. மின்வலையமைப்பில் உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருத்தல் வேண்டும். தவறினால் 50 ஹேர்ட்ஸ் என்ற மீடிறன் தளம்பும். அதே ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் மின்சாரமின்றி ஆக்கியது. பழி குரங்கொன்றின் மீது விழுந்தது. ஆயினும் கேள்வி குறைந்து, சூரிய மின்சாரம் மேலோங்கியிருந்த அவ்வேளையில், அதிர்ச்சியைத் தாங்கக்கூடிய கனத்த சுழலிகள் போதியளவு இயங்காதிருந்தமையே கோளாறு அந்தளவுக்குப் பரவியதற்குக் காரணம் எனலாம். நுரைச்சோலை அனல் மின்நிலையமும் செயலிழக்க, அடுத்துவந்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது.

மாலை 6.30 மணியானதும் நிலைமை தலைகீழாகின்றது. வீடுகளிலும் கடைகளிலும் வழிபாட்டிடங்களிலும் விளக்குகள் எரியத் தொடங்கும், சூரியனோ மறைந்துவிடும். இரவு 10.30 வரை நீடிக்கும் இந்த உச்சவேளைக்காகவே, அந்நியச் செலாவணி செலுத்தி இறக்குமதி செய்த எண்ணெயை எரிக்க வேண்டியுள்ளது. நண்பகலில் வேண்டாமென ஒதுக்கப்படும் அதே அலகு, ஆறு மணித்தியாலங்களின் பின்னர் மிக விலை உயர்ந்ததாகிவிடுகின்றது. மின்சக்திச் சேமிப்பின் பொருளாதாரப் பெறுமதி இந்த இடைவெளியிலேயே தங்கியுள்ளது.

மேல் நீர்த்தேக்கத்துக்கு நீரை ஏற்றி, தேவையானபோது இறக்கி மின் பிறப்பிக்கும் முறையில் 100 அலகுகளைக் கொடுத்தால் 75 முதல் 80 வரையே திரும்பக் கிடைக்கும். இதனை நட்டமென்று கருதுவோர் உண்டு. எவரும் வாங்காத அலகில் ஐந்திலொன்றை இழந்து எண்ணெய்ச் செலவைத் தவிர்ப்பது எவ்வாறு நட்டமாகும் என்பது எமக்கு விளங்கவில்லை. அரநாயக்கப் பகுதியில் திட்டமிடப்பட்ட 600 மெகாவோட் மகா ஓயாத் திட்டம் இவ்வகையானதே. எனினும் அத்தகைய நிர்மாணத்துக்குப் பல்லாண்டுகள் செல்லும்.

மின்கலங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. 2016 செப்டெம்பரில் தெற்கு அவுஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. 2017 டிசம்பரில் அங்கு ஹோர்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் 100 மெகாவோட் மின்கல நிலையம் இயங்கத் தொடங்கியது. அது ஈட்டிக்கொடுத்த பெரும் பயன், மலிவாக வாங்கி விலையுயர்ந்த வேளையில் விற்றதால் மட்டும் வந்ததல்ல. மீடிறன் சரிந்தவுடன் ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் மின்சாரம் வழங்கும் அதன் ஆற்றல், அச்சேவைக்கு எரிவாயு நிலையங்கள் அறவிட்டுவந்த உயர்ந்த கட்டணத்தை வீழ்த்தியது. முதலாண்டில் மட்டும் சுமார் 40 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் மிச்சமானதாக மதிப்பிடப்பட்டது. நிலையத்தை அமைக்கச் செலவான தொகை சுமார் 90 மில்லியன் டொலர்.

இலங்கையில் செலவை யார் ஏற்பது என்பதே சிக்கல். பகலில் கொடுத்த அலகுக்கு ஈடாக இரவில் ஓர் அலகைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டில் சூரிய மின் தொகுதியைப் பொருத்தியவர்கள், வலையமைப்பை இலவசக் களஞ்சியமாகவே பயன்படுத்துகின்றனர். அவர்களைக் குறைகூற முடியாது. அரசே அவ்வாறு அழைத்தது. ஆனால் அந்த இரவு அலகை உற்பத்தி செய்யும் செலவு, வாடகை வீட்டிலும் தோட்டத்து லயத்திலும் வாழ்பவரின் பட்டியலில் சேருகின்றது. பொருத்துவதற்கு அவருக்குச் சொந்தக் கூரை கிடையாது. சேமித்து மாலையில் தரும் அலகுக்கு நண்பகல் அலகிலும் கூடிய விலை உறுதியாகக் கிடைக்குமாயின், மின்கலத்தில் முதலிடக் கூரைக்காரரும் முன்வருவார், லயத்துக் குடும்பத்தின் சுமையும் குறையும்.