பழைய டீசல் கார்: நரியா, பரியா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



ஆவுடையார்கோவில், அதாவது அந்தக் காலத்துத் திருப்பெருந்துறைன்னா, குதிரைக் கதை ஞாபகம் வராம இருக்காது. பாண்டிய மன்னர் குதிரை வாங்கக் கொடுத்த பணத்துல மாணிக்கவாசகர் இங்க கோவில் கட்டினார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு அனுப்பினார். ராத்திரியானதும் அத்தனையும் திரும்ப நரியாகிடுச்சு. பக்தியோட படிச்சா அது திருவிளையாடல். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போற நமக்கு அதுல இன்னொரு பாடமும் இருக்கு: பகல்ல பாலிஷ் போட்டு நிக்கிற குதிரை, நம்ம வீட்டு லாயத்துக்கு வந்தப்புறம் என்னவா மாறும்னு முன்னாடியே யோசிக்கணும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்களுக்கு திருச்சியில வேலை, மாசம் 35,000 ரூபாய் சம்பளம். அப்பா, அம்மா ஆவுடையார்கோவில்ல இருக்காங்க. அம்மாவுக்கு சின்ன செக்கப்னா அறந்தாங்கி, கொஞ்சம் பெரிய விஷயம்னா புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுக்கோட்டைக்குப் போய் வர சுமார் 100 கிலோமீட்டர். பஸ்ல ஏறி இறங்க அவங்களால முடியல. அந்த நேரத்துல, "இரண்டரை லட்சத்துக்கு 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல் இருக்கு, எடுத்துக்கோங்க தம்பி"ன்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமா?

இதுக்கு பதில் ரெண்டு நம்பர்ல இருக்கு. மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? கார் வாங்கின மறுநாள் உங்க கையில எவ்வளவு மிச்சம் இருக்கும்?

டீசல் மோகம் எங்கிருந்து வந்துச்சு?

2012 மே மாசம் டெல்லியில பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டினப்போ, டீசல் 41 ரூபாய்தான். அரசாங்கம் டீசல் விலையைக் கட்டுப்படுத்தி வெச்சிருந்த காலம் அது. அப்போ டீசல் கார் வாங்கினவங்க கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. 2014 அக்டோபர்ல அந்தக் கட்டுப்பாடு போயிடுச்சு, விலை வித்தியாசமும் சுருங்கிடுச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தப்போ மாருதி டீசல் கார் தயாரிப்பையே நிறுத்திடுச்சு. ஆனா "டீசல்னா சிக்கனம்"ங்கிற பேச்சு மட்டும் 2012லயே நிக்குது.

இப்போ டீசல் 93, பெட்ரோல் 101 ரூபாய்னு வெச்சுக்குவோம். பழைய டீசல் ஸ்விஃப்ட் லிட்டருக்கு 18, அதே வயசு பெட்ரோல் கார் 14 கிலோமீட்டர் தருதுன்னா, கிலோமீட்டருக்கு டீசல் செலவு சுமார் 5.20 ரூபாய், பெட்ரோல் செலவு 7.20 ரூபாய். வித்தியாசம் வெறும் 2 ரூபாய். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினா வருஷத்துக்கு 24,000 ரூபாய் மிச்சம். 200 கிலோமீட்டர்தான் ஓடும்னா 4,800 ரூபாய்தான் மிச்சம். டர்போவோ இன்ஜெக்டரோ ஒரு தடவை மக்கர் பண்ணினா, அந்த 4,800 நாலஞ்சு வருஷத்துக்கு மொத்தமா போயிடும்.

காரே ஓடலைன்னாலும் ஆகுற செலவு

இன்ஜின் 1,248 சிசி. அந்தப் பிரிவுக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2022 ஜூன்ல 3,416 ரூபாய்னு நிர்ணயிச்சாங்க, ஜிஎஸ்டி தனி. சுமார் 4,000னு வைங்க. சர்வீஸ் 8,000. ரிப்பேருக்குன்னு மாசம் 2,000 எடுத்து வெச்சா வருஷத்துக்கு 24,000. காரோட மதிப்பு வருஷத்துக்கு 25,000 குறையும்னு வைங்க. மொத்தம் 61,000 ரூபாய், டீசல் ஊத்தாமலேயே!

அப்பா, அம்மா மாசம் ரெண்டு தடவை புதுக்கோட்டை போறாங்க, வேற ஓட்டமே இல்லைன்னா, டீசலையும் சேர்த்து வருஷத்துக்கு 73,000 ஆகுது. அதே பயணத்துக்கு ஊர்ல தெரிஞ்ச டாக்ஸிக்காரர்கிட்ட தடவைக்கு 2,000 கொடுத்தாலும் 48,000தான். வித்தியாசம் 25,000. ராத்திரி 2 மணிக்கு அம்மாவுக்கு முடியலைன்னா வாசல்ல வண்டி நிக்கணும்ங்கிற நிம்மதிக்கு அதைக் கொடுக்கலாம், தப்பே இல்ல. ஆனா எதுக்குக் கொடுக்குறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும். அந்த நிம்மதிக்கு டீசல் கார்தான் வேணும்னு இல்ல, ஒரு சாதாரண பெட்ரோல் காரே போதும்.

நீங்க வாராவாரம் திருச்சியிலிருந்து குடும்பத்தோட ஊருக்கு வந்து போறீங்க, மாசம் 1,000 கிலோமீட்டருக்கு மேல ஓடும்னா மட்டும் டீசலைப் பாருங்க. பெட்ரோல்ல கலக்குற 20 சதவீத எத்தனால் பத்தின கவலையும் டீசல்ல கிடையாது.

பார்க்கப் போகும்போது

போறதுக்கு முன்னாடி, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க அண்ணே"ன்னு சொல்லுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாங்கன்னு சந்தேகப்படலாம்.

ஸ்டார்ட் பண்ணினதும் புகையைக் கவனிங்க. கறுப்புப் புகை நிக்காம வந்தா டீசல் சரியா எரியல. ஏர் ஃபில்டர்ல இருந்து இன்ஜெக்டர் வரைக்கும் காரணம் இருக்கலாம். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. டர்போவோ பிஸ்டன் ரிங்கோ தேஞ்சிருக்கும். இன்ஜின் சூடேறின பிறகும் வெள்ளைப் புகை நிக்கலைன்னா விலகி வந்துடுங்க. இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடியை மெதுவா திறந்து பாருங்க. அங்கிருந்து குபுகுபுன்னு புகை தள்ளினா உள்ளே தேய்மானம் அதிகம்.

மீட்டர் 80,000 காட்டும், ஆனா பிரேக் பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்கும். அப்போ பெடலை நம்புங்க, மீட்டரை நம்பாதீங்க. டயர்ல இருக்குற கடைசி நாலு எண், தயாரிச்ச வாரமும் வருஷமும். 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம்.

மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கம் ஓடின வண்டின்னா உப்புக்காத்து பட்டிருக்கும். அடியில துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சென்னை வண்டின்னா 2015, 2023 வெள்ளத்தை மனசுல வைங்க. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, கடைசிப் பகுதியில சேத்துக்கறை இருந்தா வண்டி தண்ணியில நின்னிருக்கு.

பேப்பர்

எம்-பரிவாகன் ஆப்ல எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கான்னு பாருங்க. இ-சலான் பாக்கியையும் பாருங்க. லோன் முடிஞ்சிருந்தா பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம் கேட்டு வாங்குங்க. பெயர் மாத்த படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும்.

2013 வண்டிக்கு 2028ல 15 வருஷம் முடியுது. அப்போ எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து 5,000. பசுமை வரியும் உண்டு. இதைச் சொல்லி விலையைக் குறைச்சுக் கேளுங்க.

டெல்லி நம்பர் வண்டி ரொம்ப சல்லிசா வந்தா அவசரப்படாதீங்க. அங்க 10 வருஷம் ஆன டீசல் வண்டிக்கு விதிச்ச தடையை 2018ல உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சுது. அதனால அந்த வண்டிகள் வெளி மாநிலத்துக்கு விலை குறைஞ்சு வர ஆரம்பிச்சுது. இங்க பதிவு பண்ண என்ஓசி வேணும், சாலை வரியும் திரும்பக் கட்டணும். அதையும் சேர்த்தா சல்லிசு காணாமப் போயிடும்.

வீட்டுலயே பண்ணக்கூடியது, கூடாதது

ஏர் ஃபில்டர் மாத்துறது, கூலன்ட் அளவு பார்க்குறது, டயர் காத்து, பேட்டரி முனையைச் சுத்தம் பண்றது எல்லாம் அப்பாவே பண்ணலாம். டீசல் ஃபில்டர்ல சேர்ற தண்ணியை மேனுவல்ல சொன்னபடி வடிச்சு விடுங்க. இன்ஜெக்டருக்கு எமன் அந்தத் தண்ணிதான். வாரம் முழுக்க நிக்கிற வண்டியை ஸ்டார்ட் பண்ணி உடனே நிறுத்தாதீங்க, அறந்தாங்கி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க. பானெட்டுக்குள்ள எலி வயரைக் கடிச்சிருக்கான்னும் பாருங்க. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு ஆஃப் பண்ணினா டர்போவுக்கு நல்லது.

ஆயில் மாத்தத் தெரிஞ்சா மாத்தலாம். ஆனா வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது, ஸ்டாண்ட் கண்டிப்பா வேணும். கழிவு ஆயிலைக் கண்மாய்க் கரையில ஊத்தாம ஒர்க்ஷாப்ல கொடுத்துடுங்க. டீசல் பைப்பை மட்டும் கழட்டிப் பார்க்காதீங்க. இன்ஜின் ஓடும்போது அதுல அழுத்தம் 1,000 பாருக்கு மேலேயும் போகலாம், பீச்சி அடிச்சா தோலையே துளைச்சிடும்.

கடைசியா, பணம்

கையில இரண்டரை லட்சம் இருந்தா, இரண்டரை லட்சத்துக்குக் கார் வாங்காதீங்க. 1,80,000க்கு வாங்கி, 70,000த்தை தனியா வைங்க. நாலு டயர், பேட்டரி, கிளட்ச்னு முதல் வருஷமே அது கேட்கும். மாசம் 2,000த்தை ஆர்.டி.யில போட்டுக்கிட்டே வாங்க. 12 வருஷம் பழைய வண்டிக்கு பர்சனல் லோனோ நகைக்கடனோ எடுத்தீங்கன்னா, இ.எம்.ஐ.யும் ரிப்பேரும் ஒரே மாசத்துல கதவைத் தட்டும். 35,000 சம்பளம் அதைத் தாங்காது.

இன்னைக்கு ஒரு பேப்பர் எடுத்து, போன மூணு மாசத்துல வீட்டுல யார் யார் எங்க எங்க போனாங்கன்னு கிலோமீட்டரோட எழுதுங்க. அந்த மொத்தத்தை மூணால வகுத்துட்டு, அப்புறமா அந்த ஸ்விஃப்ட்காரருக்கு போன் போடுங்க.