மருத்துவரைச் சோர்வடையச் செய்வது எது?

மனச்சோர்வு ஏன் வருகிறது என்று ஆராய்பவர்களுக்கு ஒரு பெரிய தடை உண்டு. நோயாளி அவர்கள் முன் வந்து உட்காரும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும். அதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதை அவர் நினைவிலிருந்துதான் கேட்டறிய வேண்டும். ஒருவருக்கு நெருக்கடி வரப்போகும் நாள் முன்கூட்டியே தெரிந்தால், வருவதற்கு முன்பும் வந்த பின்பும் அவரை அளந்து பார்க்கலாம். அப்படிப்பட்டவர்களை எங்கே தேடுவது?

அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்ரீஜன் சென் அத்தகையவர்களைத் தன் தொழிலிலேயே கண்டுபிடித்தார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் ஜூலை முதல் தேதியை ஒட்டி மருத்துவமனைகளில் முதலாண்டுப் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். அன்றிலிருந்து தொடர் பணி, அரைத் தூக்கம், உயிர் சம்பந்தப்பட்ட முடிவுகள். இவர்களைப் பின்தொடரும் ஆய்வை 2007இல் சென் தொடங்கினார். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அது பல்லாயிரம் பேரை உள்ளடக்கியதாக வளர்ந்தது.

முறை எளிமையானது. பயிற்சி தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பே ஒரு கேள்வித்தாள். அதன் பிறகு 3 மாதத்துக்கு ஒன்று. தூக்கம், பசி, ஆர்வம், கவனம் போன்றவை கடந்த 2 வாரங்களில் எப்படி இருந்தன என்று அதில் 9 கேள்விகள். மொத்த மதிப்பெண் 27. அதில் 10ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு என்று கொள்வது வழக்கம்.

முதல் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. 13 மருத்துவமனைகள், 740 பயிற்சி மருத்துவர்கள். பணியில் சேரும் முன் மனச்சோர்வு அளவைத் தொட்டவர்கள் 3.9 சதவீதம். பயிற்சி ஆண்டில் எடுத்த கணக்குகளின் சராசரி 25.7 சதவீதம். இது ஒரு நாட்டின் கதை மட்டும் அல்ல. பல நாடுகளில் நடந்த 54 ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் சென்னும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டபோது, பயிற்சி மருத்துவர்கள் 17,560 பேரில் 28.8 சதவீதத்தினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன.

“மனஉறுதி இல்லாதவர்கள்தான் தளர்ந்துபோகிறார்கள்” என்ற பேச்சு மருத்துவ உலகில் பழையது. முன்பே மனச்சோர்வு வந்தவர்கள், குழந்தைப் பருவத்தில் வீட்டில் துன்பப்பட்டவர்கள், பெண்கள் ஆகியோருக்குப் பாதிப்பு கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் சில மாதங்களுக்கு முன்வரை நன்றாக இருந்தவர்களில் நான்கில் ஒருவர் சோர்ந்துபோகிறார் என்றால், ஆளை மட்டும் குறை சொல்ல முடியாது. இடையில் மாறியது அவர் பார்க்கும் வேலைதான்.

இதனால் நோயாளிக்கும் பாதிப்பு உண்டு. சோர்வுற்ற மருத்துவர் சிகிச்சையில் தவறு செய்யும் வாய்ப்பு கூடுகிறது. தவறு செய்துவிட்டோம் என்ற எண்ணம் அவரை மேலும் சோர்வில் தள்ளுகிறது. இந்த இருவழித் தொடர்பை 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு உறுதி செய்தது.

அப்படியானால் வேலை நேரத்தைக் குறைத்தால் போதாதா? அமெரிக்கா அதையும் செய்து பார்த்தது. பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு 2003இல் வந்தது. முதலாண்டினர் ஒரே மூச்சில் 16 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக் கூடாது என்ற விதி 2011இல் வந்தது. அதன் விளைவை சென் குழு அளந்தது. வார வேலை சராசரியாக 67 மணியிலிருந்து 64.3 மணிக்கு இறங்கியிருந்தது. மனச்சோர்வு அப்படியே இருந்தது. பெரிய தவறு செய்துவிட்டதாகக் கவலைப்பட்டவர்கள் 19.9 சதவீதத்திலிருந்து 23.3 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். நேரத்தைச் சற்றுக் குறைத்துவிட்டு, அதே அளவு வேலையை அதற்குள் முடிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்பது ஒரு விளக்கம். அந்த 16 மணி வரம்பு 2017இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

இதனால் நேரம் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. வாரத்துக்கு 90 மணிக்கு மேல் உழைப்பவர்களின் மனச்சோர்வு மதிப்பெண், 40–45 மணி உழைப்பவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக ஏறுகிறது என்று 2022இல் அதே குழு காட்டியது. ஒரு ஷிப்டின் நீளத்துக்கு மட்டும் வரம்பு போட்டால் போதாது, மொத்தச் சுமை இறங்க வேண்டும் என்பதுதான் இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம்.

தனி ஆளுக்கான உதவியும் பலன் தருகிறது. 199 பயிற்சி மருத்துவர்களை வைத்து நடந்த சோதனையில், ஒரு பிரிவினர் பணி தொடங்கும் முன் எண்ணங்களைச் சீராக்கும் இணையவழிப் பயிற்சியை நான்கு வாரம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டில் அவர்களில் 12 சதவீதத்தினருக்குத் தற்கொலை எண்ணம் வந்தது. பயிற்சி பெறாத பிரிவில் அது 21 சதவீதம்.

2007 முதல் 2019 வரையிலான தரவுகளில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பயிற்சி ஆண்டில் மனச்சோர்வு ஏறும் அளவு ஏறத்தாழ கால்வாசி குறைந்திருக்கிறது. அதனுடன் தொடர்புடையவையாக நான்கு மாற்றங்களை ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள்: வேலை நேரம் குறைந்தது, தூக்கம் கூடியது, மூத்த மருத்துவர்கள் குறைநிறைகளை எடுத்துச்சொல்லும் விதம் மேம்பட்டது, மனநல ஆலோசனை பெறுவோர் பெருகினர். இவற்றில் கடைசியான ஒன்றுக்குத்தான் மருத்துவர் தானே முன்வர வேண்டும். மற்ற மூன்றும் பெரும்பாலும் மருத்துவமனையின் பணி அட்டவணையிலும் மூத்தவர்களின் நடத்தையிலும் தீர்மானமாகின்றன. இளம் மருத்துவர்களுக்கு மனஉறுதி வகுப்பு எடுப்பதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.