வரப்பில் பூச்செடி வளர்க்க விதைப்பந்து

கத்தரியில் பூ நிறைய இருந்தும் காய்ப்பிடிப்பு குறைகிறதா? வரப்பையும் கவனியுங்கள். கத்தரிப் பூவின் மகரந்தம், மகரந்தப்பை நுனியிலுள்ள துளை வழியாகவே உதிரும். தச்சுத்தேனீக்கள் பூவைப் பற்றி அதிரவைத்து அதை உதிர்க்கின்றன. ஆவாரம்பூவும் இதே வகைதான். வரப்பில் ஆவாரை நின்றால், கத்தரி பூக்காத நாள்களிலும் இவற்றுக்கு மகரந்தம் கிடைக்கும். தும்பை தேன் தரும். களைக்கொல்லியால் மொட்டையான வரப்பில் இவற்றை மீட்க விதைப்பந்து எளிய வழி.

செய்முறை: சலித்த செம்மண் 5 பங்கு, மக்கிய தொழுவுரம் 2 பங்கு கலந்து, சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசையுங்கள். கோலிக்குண்டு அளவு உருட்டி, 2 அல்லது 3 ஆவாரை விதை வையுங்கள். ஆவாரை விதையின் தோல் கடினமானது; முன்னதாக மணலுடன் சேர்த்துத் தேய்த்தால் சீராக முளைக்கும். தும்பை விதை மிகச் சிறியது; உள்ளே வைக்காமல், ஈர உருண்டையை விதைமீது புரட்டி எடுத்தால் போதும். நிழலில் உலர்த்துங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும்.

10 பந்துகளைத் தட்டில் வைத்து நீர் தெளித்து, முளைப்பைச் சோதியுங்கள். பாதிகூட முளைக்காவிட்டால் விதையை மாற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது வீசுங்கள். அடர்ந்த புல்மேல் விழுந்தால் வேர் மண்ணைத் தொடாது. ஆங்காங்கே புல்லைச் செதுக்கிவிட்டுப் போடுங்கள். அழகுக்காக உண்ணிச்செடி விதையைச் சேர்க்காதீர்கள். அது பரவினால் கட்டுப்படுத்துவது கடினம். முளைத்தபின் அந்த வரப்பில் களைக்கொல்லி தெளிக்காதீர்கள்.