கொட்டாவியும் அதன் சுற்றமும்

சனிக்கிழமைகளில் மேல்வகுப்பு மாணவர் சிலருக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி அளிப்பது என் வழக்கம். 2022 ஆம் ஆண்டில் ஒரு நாள், ஆங்கில ஆசிரியரான நண்பர் எழுதித் தந்த வாக்கியமொன்றைக் கரும்பலகையில் இட்டேன். வெள்ளம் அறுத்த வீதியின் நடுவே பெரும் பள்ளம் ஒன்று இருந்தது என்பது அதன் பொருள். பள்ளத்துக்கு அடையாக, 'யோன்' என்னும் ஆங்கில வினையடியாகப் பிறந்த எச்சச் சொல் நின்றது. அகராதியைப் புரட்டிய மாணவன் ஒருவன் எழுந்து, "கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பள்ளம்" என்று வாசித்தான். வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய வேளையிலே, கடைசி வாங்கில் இருந்த பையன் ஒருவன் மெய்யாகவே வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டான். "பாடம் அவ்வளவு அலுப்போ?" என்று கடிந்து, அவனை எழுந்து நிற்கச் செய்தேன். அவன் மறுமொழி கூறவில்லை.

அன்று மாலை பெரிய அகராதி ஒன்றை எடுத்துப் பார்த்தபோதுதான், சிரித்தது பிழை என்பது விளங்கிற்று. அச்சொல்லுக்கு உறக்கமும் சோம்பலும் பின்னர் வந்த உறவுகளே. பழைய ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் வாயை அகலத் திறத்தல் என்பதாகும். ஆகவே பள்ளமும் குகையும் அவ்வினையைச் செய்தல் அம்மொழிக்கு இயல்பே. இதற்கு ஒருபொருட் கிளவிகள் என்று அகராதி தருவனவற்றை ஒன்றன் இடத்தில் ஒன்றை வைத்தாளல் இயலாது. 'கேப்' என்பதும் வாய் திறத்தலே. ஆயினும் அதிலே தூக்கம் இல்லை, வியப்பு உண்டு. நாம் 'வாய் பிளந்து நின்றான்' என்கிறோமே, அது. 'ஒசிற்றேஷன்' என்பது இலத்தீனில் வாயைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. மருத்துவரும் வேடிக்கைக்காரருமன்றிப் பிறர் அதனைத் தொடுவதில்லை. இக்கால ஆங்கிலப் பேச்சிலோ, சலிப்பூட்டும் மனிதரையும் கூட்டத்தையும் கூட 'யோன்' என்றே பெயரிட்டு விடுகிறார்கள்.

இச்சொல்லின் சுற்றத்தார் இன்னும் சுவையானவர். உலகம் தோன்றுமுன் இருந்த வெளியைக் குறிக்கக் கிரேக்கர் வழங்கிய 'கேயொஸ்' என்பதையும், இலத்தீனின் 'ஹயேற்றஸ்' என்பதையும் சொற்பிறப்பு ஆய்வோர் இதே குடும்பத்தில் வைப்பர். பின்னது தமிழ் மாணவர் உற்றுநோக்க வேண்டிய சொல். ஓர் உயிரின் பின் மற்றோர் உயிர் வந்து, இடையே மெய்யின்றி வாய் திறந்தபடியே நிற்கும் நிலைக்கு மேலை இலக்கணகாரர் இட்ட பெயர் அது. அதாவது, சொற்புணர்ச்சியிலே விழும் கொட்டாவி! நம் முன்னோர் அதனை விழ விடவில்லை. யகரத்தையும் வகரத்தையும் இடையே நிறுத்தி, உடம்படுமெய் என்று பெயரிட்டு, அவ்வாயை மூடிவிட்டனர். மணி அடித்தான் என்பது மணியடித்தான் ஆகிறது. கோ என்பதும் இல் என்பதும் சேர்ந்து கோவில் ஆகிறது, கோயிலும் ஆகிறது. இத்தனை ஆண்டுகள் உடம்படுமெய் கற்பித்தும் இந்த ஒப்புமை எனக்குத் தோன்றாதிருந்ததை எண்ணி வெட்கினேன்.

தமிழிலே வாய் திறத்தலுக்கு அங்காத்தல் என்ற நல்ல சொல் உண்டு. அகரமும் ஆகாரமும் பிறக்கும் முறையைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் ஆண்ட சொல் அதுவே. கொட்டாவியின் ஒலியும் ஆகாரந்தானே! கொட்டாவி விடுதற்கு ஆவித்தல் என்ற பழைய வினையும் உண்டு. தெலுங்கர் ஆவுலிந்த என்றும் கன்னடர் ஆகளிக்கெ என்றும் வழங்குவன இதன் உடன்பிறப்புகள். மலையாளத்தார் மட்டும் கோட்டுவாய் என்கின்றனர். கொட்டாவியை இதனோடு சேர்த்து, உள்ளே வாய் ஒளிந்திருக்கிறது என்று கொள்வாரும் உளராகலாம். என் மனம் ஆவியின் பக்கமே சாய்கிறது. ஆவி என்பது மூச்சு, உயிர், நீராவி எனப் பல பொருள் தரும். இங்கும் ஒரு வியப்பு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மொன்ற் என்னும் வேதியியலார், காற்றுப் போன்ற பொருள்களுக்குப் பெயர் தேடி, மேற்சொன்ன 'கேயொஸ்' என்பதிலிருந்தே 'காஸ்' என்ற சொல்லைப் படைத்தார். ஆங்கிலக் கொட்டாவியின் சுற்றத்திலும் ஆவி புகுந்துவிட்டது.

வடமொழியில் கொட்டாவியைக் குறிக்கும் வேர்ச்சொல் பூ மலர்தலையும் குறிக்கும். இதைவிட அழகாக இச்செயலை எவரும் நோக்கியதில்லை என்பேன். சித்த வைத்தியரோ இதனைப் பதினான்கு வேகங்களுள் ஒன்றாக எண்ணி, அடக்கலாகாது என்றனர். என் பாட்டியார் கொட்டாவி வந்தால் வாயருகே விரலை நொடித்து, "சிவ சிவா" என்பார். அடக்கியதை நான் கண்டதில்லை. மூளைக்குக் காற்றுப் போதாமையால் கொட்டாவி வருகிறது என்று நாம் வகுப்பிலே சொல்லி வருகிறோமே, அதுவும் நிற்கவில்லை. 1987 இல் றொபேட் புறோவைன் என்னும் அமெரிக்க உளவியலாரும் அவர் குழுவினரும் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தும் கொட்டாவி குறையவில்லை. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்பது மட்டும் உறுதி. அதைப் பற்றி வாசித்தாலும் தொற்றும். இவ்விடத்தே எவரேனும் வாயை மூடிக்கொள்ள நேர்ந்தால், குற்றம் என் நடையினது அன்று என்று கொள்க.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பையனின் தாயார் வாசலில் வந்து நின்றார். "ஐயா, அவன் முதல் நாள் இரவு முழுக்க மண்ணெண்ணெய் வரிசையிலே நின்றவன். தகப்பனின் படகுக்கு எண்ணெய் இல்லை. விடிய எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு இங்கே வந்தவன்," என்றார். முறையிடும் குரலாக அது இல்லை. நான் பையனைப் பிழையாக எண்ணிவிடக் கூடாதே என்ற கவலைதான் இருந்தது. அலுப்பு என்று நான் படித்த சொல்லுக்கு அவனிடத்தில் வேறு பொருள் இருந்திருக்கிறது.

அவனுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நான் எழுப்பி நிறுத்துமுன் பாதி வாக்கியம் எழுதியிருந்தான்: "வீதியின் நடுவே வாய் பிலந்து கிடந்த பள்ளம்". அதனைக் கரும்பலகையில் எழுதும்படி சொன்னேன். எழுதினான். லகரத்தை மட்டும் ளகரமாகத் திருத்தினேன்.