ரெப்போ குறைஞ்சும் இ.எம்.ஐ. குறையலையா? சிறுதொழில் கடன் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கோவை கணபதி பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லேத் பட்டறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு உரிமையாளர்களும் ஆளுக்கொரு சி.என்.சி. மெஷின் வாங்க 20 லட்சம் ரூபாய் கடன் எடுத்தார்கள். இருவருக்கும் ஐந்து வருஷத் தவணை, 11 சதவிகித வட்டி. 2025-ல் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்த பிறகு ஒருவரின் வட்டி 9.75 சதவிகிதமாக இறங்கிவிட்டது. இன்னொருவருக்கு இன்னமும் அதே 11 தான்.

"நியூஸ்ல வட்டி குறைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் குறையல?"

பலரும் கேட்கும் இந்தக் கேள்விக்கான பதில், அவரவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய சாங்ஷன் லெட்டரிலேயே இருக்கிறது.

2025-ல் எவ்வளவு குறைந்தது?

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டிதான் ரெப்போ ரேட். 2025 தொடக்கத்தில் இது 6.5 சதவிகிதம். பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.5, டிசம்பரில் 5.25 என நான்கு முறை குறைக்கப்பட்டது. மொத்தக் குறைப்பு 1.25 சதவிகிதப் புள்ளிகள்.

இது சின்ன எண்ணாகத் தெரியலாம். 20 லட்சம் ரூபாய்க்கு ஐந்து வருஷக் கடன் என்றால், 11 சதவிகிதத்தில் இ.எம்.ஐ. சுமார் 43,485 ரூபாய். 9.75 சதவிகிதத்தில் சுமார் 42,250 ரூபாய். முழுத் தவணைக் காலத்துக்கும் கணக்குப் போட்டால் வித்தியாசம் ஏறக்குறைய 74,000 ரூபாய். ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்கு இது லேசான பணம் இல்லை.

உங்கள் கடன் எந்த ரகம்?

*முதல் ரகம்: ரெப்போவோடு இணைந்த கடன்.* 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் புதிதாகத் தரும் மாறும் வட்டிக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்பது விதி. நடுத்தர நிறுவனங்களுக்கு இது 2020 ஏப்ரல் 1-ல் வந்தது. பெரும்பாலான வங்கிகள் இதற்கு ரெப்போவைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றி அமைத்தாக வேண்டும். அதனால் ரெப்போ குறைந்தால் பலன் சீக்கிரம் வந்துவிடும்.

*இரண்டாவது ரகம்: எம்.சி.எல்.ஆர். கடன்.* வங்கி தானே பணம் திரட்டும் செலவை வைத்து நிர்ணயிக்கும் விகிதம் இது. பழைய டெபாசிட்டுகளுக்கு முன்பு ஒப்புக்கொண்ட வட்டியை வங்கி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் இந்த விகிதம் மெதுவாகத்தான் இறங்கும். தவிர, உங்கள் கடனுக்கு வட்டி மாற்றும் தேதி ஆறு மாதமோ ஒரு வருஷமோ தள்ளி இருக்கலாம்.

*மூன்றாவது ரகம்: நிலையான வட்டிக் கடன்.* என்.பி.எஃப்.சி. எனப்படும் வங்கி சாரா நிதி நிறுவனங்கள் தரும் மெஷின், வாகனக் கடன்களில் இது சகஜம். ரெப்போ எங்கே போனாலும் இ.எம்.ஐ. அசையாது. இரண்டாவது பட்டறைக்காரரின் கடன் இந்த ரகமாக இருந்தால், அவர் காத்திருந்து பயனில்லை. ஆனால் வட்டி ஏறும் காலத்தில் இதே கடன்தான் அவரைக் காப்பாற்றும்.

இதில் 'ஃப்ளாட் ரேட்' என்று சொன்னால் கூடுதல் உஷார் தேவை. 20 லட்சத்துக்கு ஐந்து வருஷம் '7 சதவிகித ஃப்ளாட்' என்றால் மாதத் தவணை 45,000 ரூபாய். இது குறையும் நிலுவை முறையில் 12.5 சதவிகித வட்டிக்குச் சமம்!

ரெப்போ 5.25 என்றால், நமக்கு ஏன் 9.75?

ரெப்போவுக்கு மேல் வங்கி தன் பங்காக ஒரு 'ஸ்ப்ரெட்' சேர்க்கும். கடன் திரும்பி வருமா என்ற ரிஸ்க், நிர்வாகச் செலவு, லாபம் எல்லாம் அதில் அடக்கம். ரிஸ்க்குக்கான பகுதியை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. கடன் வாங்கியவரின் நிதி நிலை கணிசமாக மாறினால் மட்டுமே மாற்றலாம். மற்ற பகுதிகளை மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று இருந்தது. 2025 அக்டோபர் முதல், வாடிக்கையாளருக்குச் சாதகமாகக் குறைப்பதென்றால் அதற்கு முன்பே செய்யலாம். அதாவது, ஒழுங்காகத் தவணை கட்டியவர் "ஸ்ப்ரெட்டைக் குறைங்க" என்று கேட்க இப்போது இடம் இருக்கிறது.

இனி குறையுமா, ஏறுமா?

இதை முடிவு செய்வது ஆறு பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு. பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். சில்லறைப் பணவீக்கம் 4 சதவிகிதத்தில் இருக்க வேண்டும், இரண்டு புள்ளி கூடலாம், குறையலாம் என்பதுதான் இலக்கு. 2025 அக்டோபரில் அது வெறும் 0.25 சதவிகிதமாக இருந்தது. காய்கறி விலை சரிந்ததும் ஜி.எஸ்.டி. குறைப்பும் கைகொடுத்தன. டிசம்பரில் வட்டியைக் குறைக்க இடம் கிடைத்தது இதனால்தான்.

ஆனால் இவ்வளவு கீழே போன பணவீக்கம் அங்கேயே தங்காது. பருவமழை பொய்த்தால் உணவு விலை ஏறும். கச்சா எண்ணெய் விலை உயர்ந்தாலோ, 2025 டிசம்பரில் டாலருக்கு 90-ஐத் தாண்டிய ரூபாய் மேலும் சரிந்தாலோ, இறக்குமதிச் செலவு கூடும். அப்போது வட்டியை மேலும் குறைப்பது கஷ்டம்.

கடந்த சுற்றையும் மறந்துவிடக் கூடாது. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5 சதவிகிதமானது. ரெப்போவோடு இணைந்த கடன் வேகமாகக் குறைவது போலவே வேகமாக ஏறவும் செய்யும்.

இப்போது என்ன செய்யலாம்?

* சாங்ஷன் லெட்டரில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: வட்டி எதோடு இணைந்தது, ஸ்ப்ரெட் எவ்வளவு, அடுத்து வட்டி மாறும் தேதி எது.

* எம்.சி.எல்.ஆர். கடன் என்றால், ரெப்போ கடனுக்கு மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

* 2026 ஜனவரி 1 முதல் அனுமதித்த அல்லது புதுப்பித்த, மாறும் வட்டியிலான தொழில் கடனை முன்கூட்டியே அடைத்தால், குறு, சிறு நிறுவனங்களிடம் வணிக வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது. சிறு நிதி வங்கிகள், கிராம வங்கிகள், நடுத்தர அடுக்கு என்.பி.எஃப்.சி.களில் இந்தச் சலுகை 50 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு உண்டு. வேறு வங்கிக்கு மாற நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

* புதுக் கடன் வாங்குகிறீர்களா? கே.எஃப்.எஸ். எனப்படும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டுச் செலவு அதில் இருக்கும். இரண்டு கடன்களை ஒப்பிட இந்த எண்தான் சரி.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. 20 லட்சம் ரூபாய் ஓ.டி.யை முழுதாகப் பயன்படுத்துபவருக்கு, வட்டி ஒரு சதவிகிதம் ஏறினால் வருஷத்துக்கு 20,000 ரூபாய் கூடுதல் செலவு. அதைத் தாங்கும் லாபம் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.