உள்ளதை உள்ளவாறு தீட்டும் ஓவியம்

ஓர் ஓவியத்தைக் கண்டவுடன் நம்மவர் வழங்கும் முதற் பாராட்டு, 'அச்சாக அப்படியே இருக்கிறதே!' என்பதாகும். அப்பாராட்டு தகுதியானதே. காண்பதைக் கண்டபடி எழுதுவதற்குக் கண்ணும் கையும் பல்லாண்டு பயிலவேண்டும். எனினும், கை தேர்ந்த பின்னரும் ஓவியன் முன் ஒரு வினா நிற்கிறது. உலகில் உள்ளவற்றுள் எதனை எழுதுவது? யாருடைய முகம் ஓவியமாகத் தக்கது? மெய்ம்மை ஓவியத்தின் சிறப்பையும் குறையையும் இவ்வினாவைக் கொண்டே நாம் அளந்தறியலாம்.

சித்தன்னவாசலிலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் பண்டைத் தமிழகத்தார் தீட்டிய சுவரோவியங்கள் இன்றும் உயிர்ப்புடன் திகழ்கின்றன. அவற்றின் உயிர் கோட்டிலே உள்ளது. பிற்காலத்துத் தஞ்சாவூர்ப் பலகை ஓவியங்களிலோ பொன்தகடும் கற்களும் பதித்து, தெய்வத்தைப் பெரிதாகவும் அடியாரைச் சிறிதாகவும் அமைப்பர். அங்கே உருவத்தின் அளவு மதிப்பைக் காட்டுவது, தொலைவைக் காட்டுவதன்று. ஒரு பக்கத்தினின்று ஒளி வர, மறுபக்கம் நிழல் விழுமாறு எழுதும் முறை மேனாட்டு ஓவியர் வழியாகவே இங்கு வேரூன்றியது.

அம்முறையைத் தமதாக்கிக் கொண்டவர் இரவிவர்மா. 1848-இல் திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் பிறந்த அவர், 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஓவியர் எண்ணெய் வண்ணத்தைக் கையாண்ட விதத்தை அருகிருந்து நோக்கினார். எஞ்சியதைத் தம் முயற்சியாற் பயின்றார். எண்ணெய் வண்ணம் விரைவில் உலராது. ஆதலின் ஒரு நிறத்தை மற்றொன்றோடு மெல்ல இழைத்து, கன்னத்தின் வளைவையும் பட்டின் மடிப்பையும் தொட்டுணரலாம் போலக் காட்ட இயலும். கூந்தலில் மலர் சூடும் நாயர் நங்கையை அவர் தீட்டிய ஓவியம் 1873-இல் சென்னைக் கண்காட்சியிற் பரிசு பெற்றது. 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் நிறுவிய பின், இலக்குமியும் கலைமகளும் அச்சுப் படங்களாக எளியோர் இல்லங்களுக்கும் எழுந்தருளினர். கோயிலுள் நுழைய விடப்படாத மக்களும் தம் வீட்டுச் சுவரில் தெய்வத்தின் திருமுகம் கண்டு வணங்கினர். இது சிறிய தொண்டன்று.

தமிழகத்தில் இம்மரபை வளர்த்தவருள் ஒருவர் கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை எழுதி, பின்னர்க் கோவில்பட்டியில் தங்கினார். அவரும் அவர்தம் மாணவரும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் பரவின. இங்கே மயூர் விஹாரில் நம் பூசை அலமாரிக்கு அருகே நாட்காட்டியிற் புன்னகை பூக்கும் முருகனும் அம்மரபில் வந்தவனே.

இவ்வளவும் பெருமைக்குரியன. ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. இரவிவர்மா நாடோடிக் குடும்பம் ஒன்றையும் 1893-இல் உருக்கமாகத் தீட்டியவர்தாம். எனினும் அவர் மரபு மிகப் பெரும்பாலும் வெளுத்த மேனியையும் செந்நிறக் கன்னத்தையுமே அழகென்று காட்டியது. நாட்காட்டிகளும் விளம்பரங்களும் அதனையே பின்பற்றின. நாற்று நடும் பெண்ணும், கிணற்றடியில் நீர் சேந்தும் தாயும் நம் கண்முன் இருந்தனர். சுவரில் மாட்டும் சட்டத்துள் அவர்களுக்கு இடம் கிடைத்திலது.

பிரான்சு நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. 1849-இல் கூர்பே என்னும் ஓவியர், சாலையோரத்திற் கல்லுடைக்கும் இருவரை எட்டடிக்கும் மேற்பட்ட அகலமுள்ள துணியில் தீட்டினார். அத்தகைய பேரளவு அரசர்க்கும் தெய்வங்களுக்கும் உரியதெனக் கருதிய பலர் முகஞ்சுளித்தனர். 1945-இல் போரின்போது அவ்வோவியம் அழிந்தது. அது எழுப்பிய வினா அழியவில்லை.

அவ்வினாவுக்கு நம் காலத்தில், நம் மண்ணிலிருந்து விடை தந்தவர் ஓவியர் இளையராஜா. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிற் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளிற் பயின்றவர். ஓட்டு வீட்டுத் திண்ணை, சமையலறைச் சாளரம், பித்தளைக் குடம், கதவருகே ஏதோ எண்ணியபடி அமர்ந்திருக்கும் கருநிறப் பெண் ஆகியவையே அவர் பொருள்கள். வார இதழ்களில் வெளிவந்த அவற்றை முதன்முறை பார்த்தோர் பலர் புகைப்படம் என்றே மயங்கினர்.

ஆனால் அவை புகைப்படம் அல்ல. கருமேனியைக் கருவண்ணத்தால் எழுதினால் அது கரிபோல் மடிந்துவிடும். அதனுள் செம்மையும் மஞ்சளும் மண்ணிறமும் உண்டு. வானொளி படும் தோள்மீது மெல்லிய நீலமும் உண்டு. அத்தனையையும் நெடுநேரம் நோக்கியவர்க்கே அவை புலப்படும். அன்பின்றி அவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை நோக்க இயலுமோ? நம் அத்தையும் பாட்டியும் போன்ற பெண்களை அரசியரின் மாண்போடு அவர் அமர்த்தினார். 2021 ஜூன் மாதம் கொரோனா நோய் அவரை இளம் வயதிலேயே கொண்டு சென்றது. தமிழ் ஓவியத்துக்கு அது பேரிழப்பு.

தலைநகரில் வாழும் நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் இல்லத்தில், 1954-இல் தொடங்கப்பெற்ற தேசிய நவீன ஓவியக்கூடத்தின் சேகரிப்பில் இரவிவர்மாவின் மூல ஓவியங்கள் உள்ளன. அமிர்தா ஷெர்கில் தென்னாட்டுப் பயணத்தின் பின் 1937-இல் தீட்டிய 'பிரம்மசாரிகள்' ஓவியமும் அக்கூடத்துக்கு உரியது. அது முழு மெய்ம்மைப் பாணியன்று. எனினும் தென்னாட்டாரின் மேனி நிறத்துக்கு அதில் தனி மதிப்பு உண்டு. திங்களன்று விடுமுறை, ஏனைய நாளொன்றிற் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.

வீட்டிலும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வண்ணப் பெட்டியிலுள்ள வெளிர்சிவப்புக் குச்சியை நம் சிறார் 'ஸ்கின் கலர்' என்றே வழங்குகின்றனர். அது அவர்தம் தாயின் நிறமும் அன்று. தந்தையின் நிறமும் அன்று. ஆயினும் மனிதர் நிறம் அதுவே என அப்பெயர் நாள்தோறும் கற்பிக்கின்றது. ஊரினின்று பாட்டி வந்திருக்கும்போது, கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரையும் பிள்ளையைச் சற்றே அவர் எதிரில் அமர்த்துங்கள். வெற்றிலை மடிக்கும் அக்கைகளை அரைமணி நேரம் பார்த்து வரையட்டும்; எந்த நிறங்களைக் கலந்தால் அந்நிறம் வருமெனத் தானே தேடட்டும். படம் கோணலாக அமையினும் குற்றமில்லை. நம் சங்கத்தாரும் சிறுவர் ஓவியப் போட்டி நடத்துங்கால் 'என் வீட்டார்' என்பதனைப் பொருளாக அளிப்பின் நன்று. தம் இல்லத்தார் முகமும் ஓவியத்துக்கு உரியதே என்பதை நம் பிள்ளைகள் அறிந்து வளர்வார்களாக.