லேப்டாப் அப்படியே நின்னு போச்சா? முதல்ல கணக்கைக் காப்பாத்துங்க!



வங்கிக்குக் கடன் இணைப்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். பதினாலு குழுக்களின் சேமிப்பு, உள்கடன், வசூல் எல்லாம் கூட்டமைப்பு லேப்டாப்பில்தான் இருக்கிறது. கணக்காளர் அக்கா எக்ஸெல்லைத் திறந்தார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அம்புக்குறிகூட நகரவில்லை. "தட்டிப் பாருங்கக்கா, எங்க வீட்டு டிவி தட்டினாத்தான் வரும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். இன்னொருவர் கையில் கிடைத்த பட்டனை எல்லாம் அமுக்கினார். கடைசியில் ராத்திரி எட்டரை மணி வரை உட்கார்ந்து, குழு நோட்டுகளைப் பார்த்துக் கையாலேயே எழுதி முடித்தோம். நல்ல வேளை, நோட்டு இருந்தது.

மறுநாள் டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் சரியாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பழசாயிடுச்சும்மா. ஃபார்மேட் அடிச்சிடலாம், இல்லேன்னா புதுசு வாங்கிக்குங்க" என்றார். ஃபார்மேட் என்றால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடுவது. நம் மூன்று வருடக் கணக்கும் அதோடு போயிருக்கும். "உள்ளே கணக்கு இருக்கா, எடுத்து வைக்கணுமா?" என்று அவர் கேட்கவும் இல்லை. சரி என்று தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது. லேப்டாப்பைத் திருப்பி வாங்கி வந்துவிட்டோம். கம்ப்யூட்டர் படித்த உறுப்பினர் மகள் ஒருத்தி இரண்டு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். 2011 முதல் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப் நம்மில் பல பேர் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதுக்கும் இது பொருந்தும்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நம்ம சமையலறையே போதும். ரேம் என்பது சமையல் மேடை. ஹார்ட் டிஸ்க் என்பது பரண். பிராசசர் என்பது சமைக்கிற கை. மேடை சின்னதாக இருந்து, இட்லிப் பானை, குழம்புச் சட்டி, மிக்சி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்கணும் என்றால் முடியுமா? ஒன்றைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்கணும். லேப்டாப்பும் இப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் நாம் 'ஸ்லோ' என்கிறோம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே நிஜமாகவே ஒரு தட்டு சுற்றுகிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அதன்மேல் ஒட்டாமல் ஒரு சின்ன முனை அங்கும் இங்கும் போய், வேண்டியதைத் தேடி எடுக்கிறது. அதனால்தான் தட்டக் கூடாது. தட்டினால் முனை உரசித் தட்டு கீறிவிடும், கணக்கும் போய்விடும். எஸ்.எஸ்.டி. என்று இப்போது வருவதில் சுற்றுகிற பாகமே கிடையாது. பரணில் ஏறாமல் எட்டி எடுக்கிற அலமாரி மாதிரி.

சரி, நின்றுவிட்டது. என்ன செய்வது? கேப்ஸ் லாக் பட்டனை அமுக்கிப் பாருங்கள். அதற்கென்று இருக்கும் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் லேப்டாப்புக்கு உயிர் இருக்கிறது, ஏதோ வேலையில் திணறுகிறது என்று அர்த்தம். ஐந்து நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். பல தடவை தானே வந்துவிடும். விளக்கு அசையவே இல்லை, காத்திருந்தும் வரவில்லை என்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி விடாமல் அமுக்கி அணைக்க வேண்டியதுதான். சேவ் செய்யாதது போய்விடும், வேறு வழி இல்லை.

மறுபடி ஆன் ஆனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, கணக்கைப் பென் டிரைவில் காப்பி செய்வது. மற்றதெல்லாம் அப்புறம். காப்பி செய்ததைத் திறந்தும் பாருங்கள். பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் நாங்கள் ஏமாந்திருக்கிறோம். உள்ளேயிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் டிஸ்க் கெட்டுப்போகிறது என்று பொருள். அணைத்து அணைத்துப் போடாமல், முக்கியமானதை உடனே காப்பி எடுத்துவிடுங்கள்.

பிறகு காரணம் தேடலாம். லேப்டாப்பைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று தலைப்புகளும் சதவீதமும் இருக்கும். தலைப்பின் மேல் கிளிக் செய்தால் அதிகம் சாப்பிடுகிற புரோகிராம் மேலே வந்து நிற்கும். நம்முடையதில் மெமரி 90-க்கு மேல், டிஸ்க் 100-லேயே நின்றது. மேடையும் நிறைந்து, பரணுக்கும் மூச்சு வாங்குகிறது! தேடினால் வைரஸ் தடுப்பு மட்டும் இரண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே இலவசமாக வருகிறது, ஒன்றே போதும். மற்றதை நீக்கினோம். ஸ்டார்ட்டப் என்ற பகுதியில், லேப்டாப் போட்டதும் தானாகவே ஓட ஆரம்பிக்கிறவை வரிசையாக இருக்கும். நமக்குத் தெரிந்த, வேண்டாதவற்றை மட்டும் நிறுத்தினோம். சி டிரைவ் சிவப்பாக நிறைந்து கிடந்தது. பாதி இடம் ஒரு கல்யாண வீடியோ. யாருடையது என்று இங்கே எழுதவில்லை, அவருக்கே தெரியும்.

சூடும் ஒரு காரணம். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தலையணை, பாய், சாக்கு மேல் வைத்தால் அடியில் காற்று போகிற ஓட்டை அடைத்துவிடும். நம் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே மாவு மில். ஃபேனில் தூசி எவ்வளவு இருந்திருக்கும் என்று கேட்கவா வேண்டும்? அணைத்து, சார்ஜரைக் கழற்றி, காய்ந்த பிரஷ்ஷால் ஓட்டைகளைத் துடைக்கலாம். ஈரத்துணி வேண்டாம். அடிப்பக்கம் உப்பியோ, விரல் தேய்க்கிற பலகை மேலே தூக்கியோ இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். தீப்பிடிக்கிற சமாச்சாரம் அது. சார்ஜ் போடாமல் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனை செய்தும் பாதி வேகம்தான் வந்தது. அதனால் வேறு கடையில் கேட்டு எஸ்.எஸ்.டி. மாற்றினோம். திறக்க ஏழு நிமிடம் எடுத்தது இப்போது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. செலவு, புது லேப்டாப் விலையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். உறுப்பினர்களின் ஆதார் நகல், பாஸ்புக் எண் எல்லாம் அதில் இருக்கிறது.

எல்லா லேப்டாப்புக்கும் இந்தச் செலவு தகும் என்று சொல்ல மாட்டோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேமும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அரசு ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்புகளில் அது ஏறாது. அவற்றைப் பிள்ளைகள் தட்டச்சு பழக வைத்துக்கொள்ளுங்கள், குழுவின் பணக் கணக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. திரையில் திடீரென்று, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று சத்தத்தோடு வந்தால் பேசாதீர்கள். ஏமாற்று வேலை அது. பேசிப் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

இப்போது இரண்டு பென் டிரைவ் வாங்கி, தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் கணக்காளர் அக்கா இரண்டிலும் காப்பி எடுப்பார். ஒன்று அலுவலக பீரோவில் இருக்கும். இன்னொன்று இந்த மாதம் செயலாளர் வீட்டில், அடுத்த மாதம் பொருளாளர் வீட்டில்.